நெல்லையில் இருந்துகொண்டு ஒரு கோல்ஃப் வருஷம்

பிள்ளைக்கு 12, 13 வயசு, கோல்ஃப் பிடித்துவிட்டது. நமக்குக் கிட்டத்து மைதானம் திருவனந்தபுரம். நாகர்கோவில் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர், 9 குழிதான். 18 குழி வேண்டுமென்றால் கொடைக்கானல் ஏறணும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கு வருஷத்தில் 15, 20 நாள் புல்லில் நிற்கக் கிடைத்தால் பெரிசு. அந்த நாள்களை எங்கே வைக்கிறோம் என்பதுதான் திட்டமே.

காலண்டரில் முதலில் ஆகாத நாள்களை அடிச்சிருங்க. செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச், ஏப்ரலில் முழு ஆண்டு. அடுத்து மழை. இதில்தான் நம்ம ஊர்க்காரர்கள் ஏமாறுவது. ஆனி, ஆடியில் நமக்கு வெறும் காற்று. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும். பாளையங்கோட்டை வெயிலை நம்பி டிக்கெட் எடுத்தால் அங்கே போய்க் குடையோடு நிற்கணும். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு பக்கமும் மழை. மிஞ்சுவது ஜனவரி, பிப்ரவரி, பரீட்சை முடிந்த கோடை லீவில் காலை நேரம். போட்டிப் பட்டியல் வந்ததும் இதற்குள் விழுகிற இரண்டு மூன்றை மட்டும் எடுங்கள். வயதுப் பிரிவை எந்தத் தேதி வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று பார்க்காமல் பணம் கட்டக் கூடாது.

ஹேண்டிகேப், அதாவது ஆட்டக்காரரின் திறமையைக் காட்டும் எண், எடுக்க 54 குழிக்கான ஸ்கோர் கார்டு வேண்டும். 9 குழி மைதானத்தில் ஆறு சுற்று. கூட ஆடினவர் கையெழுத்துப் போடாத கார்டு செல்லாது. காரில் ஏறும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியாளை விடுவார்களா என்பதையும் முன்கூட்டியே போனில் கேட்டுவிடுவது நல்லது.

மற்ற 300 சொச்சம் நாளும் வீட்டில்தான். மொட்டைமாடியில் வலை கட்டி, செயற்கைப் புல் விரிப்பில் அடிக்கும்போது ஒரு வினை உண்டு. மட்டை பந்துக்குப் பின்னால் தரையில் பட்டாலும் விரிப்பில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். சத்தமும் சரியாகத்தான் கேட்கும். நிஜப் புல்லில் அதே அடி மண்ணைப் பெயர்த்து, பந்து பாதி தூரத்தில் விழும். பந்துக்குப் பின்னால் நாலு விரல் தள்ளி, மடித்த ஈரிழைத் துண்டைப் போடுங்கள். துண்டு நகர்ந்தால் அந்த அடி கணக்கில் இல்லை. தினம் 40 பந்து போதும். வளர்கிற முதுகை அதற்கு மேல் வருத்த வேண்டாம். கரிசல் காட்டில் வெறுந்தரையில் அடிக்க விடவே வேண்டாம், மணிக்கட்டு போய்விடும்.

புட்டிங்குக்கு, அதாவது பந்தைத் தரையோடு உருட்டிக் குழியில் போடும் அடிக்கு, டைல்ஸ் தரை ஆகாது, பந்து ஓடிக்கொண்டே இருக்கும். கம்பளம் விரித்து, குழியின் அசல் அளவான 108 மில்லிமீட்டரில் சாக்பீஸ் வட்டம் போட்டு, ஒரு மீட்டரிலிருந்து 50 தடவை. அடைமழை மாசத்துக்கு இதுதான் வேலை.

கொடைக்கானலில் காற்று லேசு. கீழே 150 கஜம் போகிற அடி அங்கே 10 கஜத்துக்கு மேல் கூடப் போகும். முதல் நாள் சும்மா ஆடிப் பார்த்து ஒவ்வொரு மட்டைக்கும் தூரத்தைக் குறித்துக்கொள்ளணும்.

மட்டை விஷயத்தில் சிக்கனம் பார்த்து அப்பாவுடையதை அறுத்துக் கொடுக்கிறார்கள். அறுத்த தண்டு விறைத்துப்போகும், மட்டைத் தலையின் கனம் குறையாது. பிள்ளை அதைத் தூக்க உடம்பைச் சாய்த்துப் பழகிவிட்டால் திருத்த ஒரு வருஷம் ஆகும். விதிப்படி 14 மட்டை வரை வைத்துக்கொள்ளலாம். இந்த வயசுக்கு 7 போதும். மூன்று மாசத்துக்கு ஒருமுறை சுவரில் உயரத்தைக் கோடு போடுங்கள். 5 சென்டிமீட்டர் கூடியிருந்தால் மட்டை நீளத்தைத் திரும்பப் பார்க்கணும்.