கட்டு எத்தனை சீட்டு தாங்கும்?

டொமினியன் என்ற சீட்டாட்டத்தை விளையாடத் தொடங்கும் எவருக்கும் சீக்கிரமே ஓர் அறிவுரை வந்து சேர்ந்துவிடும்: "கட்டைச் சின்னதாக வைத்துக்கொள்." சொல்கிறவர்கள் அதை வேதவாக்குபோலச் சொல்வார்கள். எவ்வளவு சின்னதாக, எதுவரைக்கும் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும். அறிவுரை பொய்யில்லை. பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். மீதிப் பாதியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பேச வேண்டும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. டொனால்டு எக்ஸ். வாக்கரினோ உருவாக்கி 2008இல் வெளிவந்தது டொமினியன். மறு ஆண்டே ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கான விருதை வாங்கியது. ரம்மியில் எல்லோருக்கும் பொதுவாக நடுவில் கட்டு இருக்கும். இதில் ஆளுக்கொரு கட்டு, அதை ஆடிக்கொண்டே வளர்க்க வேண்டும். தொடக்கத்தில் எல்லோரிடமும் அதே 10 சீட்டுகள்: ஒரு காசு தரும் காப்பர் 7, கையில் வந்தால் ஒன்றுக்கும் உதவாத எஸ்டேட் 3. ஒவ்வொரு முறையும் 5 சீட்டு எடுத்து, இருக்கிற காசுக்கு நடுவிலுள்ள விற்பனைக் குவியல்களிலிருந்து ஒரு சீட்டை வாங்கி, வாங்கியது, ஆடியது, மிஞ்சியது எல்லாவற்றையும் பக்கத்தில் குவித்துவிட வேண்டும். கட்டு தீர்ந்ததும் அந்தக் குவியலைக் கலைத்தால் அதுவே புதுக் கட்டு. 8 காசுக்கு பிராவின்ஸ் வாங்கினால் 6 புள்ளி. பிராவின்ஸ் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. நடுவில் வேறு ஏதாவது மூன்று குவியல்கள் காலியானாலும் முடிந்தது.

நான் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுகிறவள். சீட்டைப் பார்த்தாலும் சராசரிதான் முதலில் கண்ணில் படுகிறது. 10 சீட்டில் 7 காசு என்றால் சீட்டுக்கு 0.7, ஐந்து சீட்டுக்கு மூன்றரை. பிராவின்ஸுக்கு 8 வேண்டும், அதாவது சீட்டுக்குச் சராசரியாக 1.6. இந்த 1.6தான் முழு ஆட்டத்துக்கும் கோடு. 2 காசு தரும் சில்வரும் 3 தரும் கோல்டும் கோட்டுக்கு மேலே. காப்பர் கீழே. காசு தருகிற சீட்டுதான், ஆனாலும் அது கையில் வரும்போதெல்லாம் பிராவின்ஸ் ஓரடி தள்ளிப்போகிறது.

இதை ஒத்துக்கொள்ள மனம் வராது. அக்கா மகனுக்குக் கற்றுக்கொடுத்தபோது நடுவில் சேப்பல் சீட்டு இருந்தது. விலை வெறும் 2 காசு. ஆடினால் கையிலிருந்து நான்கு சீட்டுகள்வரை அடியோடு நீக்கிவிடலாம். அவன் கையில் சேப்பலோடு இரண்டு எஸ்டேட்டும் இரண்டு காப்பரும் இருந்தன. எஸ்டேட்டுகளை யோசிக்காமல் தூக்கிப் போட்டான். காப்பரைத் தொட்டதும் விரல் நின்றுவிட்டது. "காசைப் போய் யாராவது குப்பையில் போடுவார்களா, சித்தி?" என்றான். போடடா என்றேன். ஒரு சீட்டை மட்டும் போட்டுவிட்டு, இன்னொன்றைச் சேலைத் தலைப்பில் முடிந்துவைப்பதுபோல வைத்துக்கொண்டான். அடுத்தடுத்த ஆட்டங்களில் விவரம் புரிந்ததும் நேர்மாறாகப் போய்விட்டான். மதம் மாறியவர்களின் வேகம் தெரியுமல்லவா? கண்ணில் பட்டதையெல்லாம் நீக்கினான். ஐந்தாறு சீட்டுக் கட்டோடு உட்கார்ந்து, என்னை இரக்கத்தோடு பார்த்தான்.

அந்த ஐந்து சீட்டுக் கட்டைத்தான் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று சேப்பலை விட்டுவிடுகிறேன். 3 கோல்டு, 2 சில்வர்: மொத்தம் 13 காசு. ஒவ்வொரு முறையும் முழுக் கட்டும் கைக்கு வருகிறது. பிராவின்ஸ் நிச்சயம். ஆனால் ஒரு முறைக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்பதால் மிச்சம் 5 காசு வீண். வாங்கிய பிராவின்ஸும் கட்டுக்குள்தான் வரும், காசு தராத சீட்டாக. இப்போது 6 சீட்டு, கைக்குச் சராசரி 10.8. இரண்டாவது பிராவின்ஸுக்குப் பிறகு 9.3. மூன்றாவதுக்குப் பிறகு 8.1, அதாவது கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நான்காவதும் வந்துவிட்டால் 7.2. இருவர் ஆடும்போது பிராவின்ஸ் மொத்தம் 8. ஐந்து எடுத்தவர் பெரும்பாலும் ஜெயிப்பார். சின்னக் கட்டு சரியாக அந்த ஐந்தாவது வாசலில் வந்து மூச்சு வாங்குகிறது.

அதே கட்டை இரட்டிப்பாக்குங்கள். 6 கோல்டு, 4 சில்வர், 26 காசு. நான்கு பிராவின்ஸ் சேர்ந்த பிறகும் கைக்குச் சராசரி 9.3 நிற்கிறது. பெரிய கட்டு வெற்றிச் சீட்டுகளின் பாரத்தைத் தாங்கும். அதற்குக் கொடுக்கும் விலை நேரம். கூடுதலாக ஐந்து நல்ல சீட்டு வாங்க ஐந்து முறை ஆட வேண்டும். எதிரில் இருப்பவர் அதற்குள் இரண்டு மூன்று பிராவின்ஸைக் கொண்டுபோய்விடுவார்.

ஆகவே கட்டின் அளவு எண்ணிக்கைக் கேள்வியே இல்லை என்பது என் கட்சி. இந்தக் கட்டை இன்னும் எத்தனை முறை கலைக்கப் போகிறேன்? கேட்க வேண்டியது இது ஒன்றைத்தான். 20 சீட்டுக் கட்டை ஐந்தைந்தாக எடுத்தால் ஒரு சுற்று வர நான்கு முறை ஆடியாக வேண்டும். நடுவில் மூன்று பிராவின்ஸ்தான் மிச்சம் என்ற நிலையில் கோல்டு வாங்குகிறவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்தக் கோல்டு அடுத்த கலைப்புக்குப் பிறகுதான் கட்டுக்குள் வரும், அதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். அந்த நேரத்தில் 5 காசுக்கு 3 புள்ளி தரும் டச்சி வாங்குகிறவர்தான் விவரமானவர். சீட்டு நீக்குவதும் அப்படியே. தொடக்கத்தில் நீக்கிய ஒரு எஸ்டேட், போகப்போக ஒவ்வொரு கலைப்பிலும் லாபம் தந்துகொண்டிருக்கும். கடைசிச் சுற்றில் நீக்கினால் எஸ்டேட்டுக்கு உள்ள ஒரு புள்ளி நஷ்டம் மட்டும்தான்.

இங்கே அதிர்ஷ்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. முதல் இரண்டு முறைகளில் இரண்டு சீட்டு வாங்கினால் கட்டு 12 ஆகிவிடும். அடுத்த இரண்டு முறைகளில் அதில் 10தான் வெளியே வரும். சேப்பல் அடியில் மாட்டிக்கொள்ள ஆறில் ஒரு வாய்ப்பு. மாட்டினால் அன்றைய ஆட்டம் சப்பென்று போய்விடும். யாரையும் குறைசொல்ல முடியாது.

இன்னொன்று, ஒரு முறைக்கு எத்தனை சீட்டு எடுக்கிறோம் என்பது. லாபரட்டரி என்ற சீட்டு ஆடினால் இரண்டு சீட்டு எடுக்கலாம், சேப்பல் போன்ற இன்னொரு செயல் சீட்டும் ஆடலாம். தன் இடத்தை நிரப்பிவிட்டு மேலும் ஒன்றைக் கொண்டுவருகிறது. எண்ணிக்கையில் கட்டு ஒன்று கூடினாலும் உண்மையில் சுருங்குகிறது. ஐந்து சீட்டு எடுக்கிறவருக்கு இருபது பெரிய கட்டு. ஒரே மூச்சில் பதினைந்து எடுக்கிறவருக்கு அது கைக்கடக்கம்.

சின்னக் கட்டுப் பக்தர்கள் முகம் சுளிக்கும் சீட்டு ஒன்றும் இதே பெட்டியில் இருக்கிறது: கார்டன்ஸ். விலை 4. கட்டிலுள்ள ஒவ்வொரு 10 சீட்டுக்கும் அது ஒரு புள்ளி தரும். என் வீட்டுக்காரருக்கு மிகவும் பிடித்த சீட்டு இது. கணக்குப் பார்க்கப் பிடிக்காத மனிதர், ஆனால் இதில் மட்டும் விலையில்லாக் காப்பரைக்கூட விடாமல் அள்ளுவார். கட்டு 30ஐத் தொட்டால் ஒரு கார்டன்ஸ் ஒரு டச்சிக்குச் சமம். 40ஐத் தொட்டால் அதைவிட மேல். இருவர் ஆட்டத்தில் இருக்கும் 8 கார்டன்ஸையும் ஒருவரே சுருட்டிக்கொண்டு 40 சீட்டு சேர்த்துவிட்டால் அதில் மட்டும் 32 புள்ளி. ஐந்து பிராவின்ஸுக்கு 30தான். வொர்க்‌ஷாப் இருந்தால் இன்னும் மோசம்: 4 காசு வரையுள்ள சீட்டைக் காசில்லாமலே எடுத்துக்கொள்ளலாம் என்பதால் அது கார்டன்ஸை இழுத்துவந்து போட்டுக்கொண்டே இருக்கும். கார்டன்ஸ், வொர்க்‌ஷாப், எஸ்டேட் என்று மூன்று குவியல்களையும் காலிசெய்து, நான் அழகாகச் செதுக்கிய கட்டு ஓடத் தொடங்கும் முன்பே ஆட்டத்தை முடித்துவிடுவார். ஒன்று கவனிக்க வேண்டும். 39 சீட்டுக்கும் 30க்கும் அதே 3 புள்ளிதான். அந்த நாற்பதாவது காப்பருக்கு அன்று இருக்கும் மதிப்பு வேறெந்தச் சீட்டுக்கும் கிடையாது.

கட்டை முன்கூட்டியே அமைத்துக்கொண்டு வரும் மேஜிக்: த கேதரிங் என்ற சீட்டாட்டத்தில் குறைந்தபட்சம் 60 சீட்டு வேண்டும், மேல் வரம்பு இல்லை. தானே கலைக்க முடிகிற அளவாக இருந்தால் போதும். ஆனாலும் எல்லோரும் சரியாக 60தான் வைப்பார்கள். ஒரு சீட்டின் நான்கு பிரதிகளில் ஒன்றாவது முதல் ஏழு சீட்டில் வரும் வாய்ப்பு 60இல் சுமார் 39.9 சதவீதம், 61இல் 39.4. அரை சதவீதம் யாரையும் கவிழ்க்காது. 61 வைக்கிறவர் எதை விடுவது என்று முடிவெடுக்காமல் வந்திருக்கிறார், அதுதான் குறை. 80 சீட்டுக்குப் போனால் அதே வாய்ப்பு 31 சதவீதமாக இறங்கிவிடும். இருந்தும் 2020இல் யோரியன் என்ற சீட்டு வந்தபோது பலர் மனமுவந்து 80 வைத்தார்கள். 20 சீட்டு கூடுதலாக வைத்தால் யோரியன் கட்டுக்கு வெளியே எப்போதும் துணையாகக் காத்திருக்கும். அந்த உறுதிக்கு அவர்கள் கொடுத்த விலை அது. மேஜிக்கின் மாடர்ன் வகை ஆட்டத்தில் 2022இல் யோரியனுக்குத் தடை விழுந்தது.

இரவில் தனியாக ஆட எனக்கு ஸ்லே த ஸ்பயர் போதும். சீட்டுகளால் சண்டையிட்டபடி ஒரு கோபுரத்தில் அடுக்கடுக்காக ஏறும், மெகா கிரிட் நிறுவனத்தின் கணினி ஆட்டம், 2019 ஜனவரியில் முழுமையாக வந்தது. அயர்ன்கிளாட் என்ற வீரனுக்குத் தொடக்கக் கட்டு 10 சீட்டு: 5 ஸ்ட்ரைக், 4 டிஃபெண்ட், ஒரு பாஷ். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மூன்று சீட்டு காட்டும். ஒன்றை எடுக்கலாம், வேண்டாம் என்றும் விடலாம். கடையில் 75 தங்கம் கொடுத்தால் ஒரு சீட்டை நீக்கித் தருவார்கள், அடுத்தடுத்து 25 ஏறும். டொமினியனில் ஒரே கட்டு ஆட்டம் முழுக்க ஓடும். இங்கே ஒவ்வொரு சண்டைக்கும் கட்டு புதிதாகக் கலைக்கப்படுகிறது. ஆகவே எத்தனை முறை கலைப்பேன் என்ற கேள்வி, இந்தச் சண்டை எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று மாறிவிடுகிறது.

முதல் அடுக்கிலேயே கிரெம்லின் நாப் என்றொரு தடியன் வருவான். தாக்குதல் அல்லாத திறன் சீட்டு ஒவ்வொன்றை ஆடும்போதும் அவன் பலம் ஏறும். சீக்கிரம் அடித்து வீழ்த்தியாக வேண்டும். சின்னக் கட்டுதான் நல்லது என்று வந்த சீட்டையெல்லாம் மறுத்துவிட்டு ஐந்து ஸ்ட்ரைக்கோடு அவன் முன்னால் நிற்பது தற்கொலை. அங்கே முதலில் கிடைக்கும் இரண்டு மூன்று நல்ல தாக்குதல் சீட்டுகளை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். ஸ்லைம் பாஸ் என்ற இன்னொரு எதிரி நம் குவியலுக்குள் மூன்று பசைச் சீட்டுகளைத் திணிப்பான். 12 சீட்டுக் கட்டில் அது ஐந்தில் ஒரு பங்கு, 30 சீட்டுக் கட்டில் பதினொன்றில் ஒரு பங்கு. பிராவின்ஸ் பாரம் போலவேதான் இதுவும்.

பவர் சீட்டுகளை ஒருமுறை ஆடினால் அந்தச் சண்டையில் அவை திரும்பி வராது. கரப்ஷன் என்ற பவரை இறக்கினால் திறன் சீட்டுகளுக்கு ஆற்றல் செலவே இல்லை, ஆனால் ஆடியதும் ஒவ்வொன்றாக மறைந்துவிடும். 30 சீட்டோடு உள்ளே போன கட்டு நான்கைந்து முறை ஆடுவதற்குள் பாதியாகிவிடுகிறது. இப்படிப்பட்ட கட்டுக்குக் கடையில் 100, 125 என்று கொடுத்துச் சீட்டு நீக்குவது காசுக்குக் கேடு.

மூன்றாவது அடுக்கில் மேலே யார் காத்திருக்கிறார் என்று வரைபடத்திலேயே தெரிந்துவிடும். டைம் ஈட்டர் என்றால், நாம் 12 சீட்டு ஆடும் ஒவ்வொரு தடவையும் நம் முறை அங்கேயே முடிந்து அவன் பலம் 2 கூடும். செலவில்லாச் சீட்டுகளைச் சுழற்றிச் சுழற்றி ஆடும் மெல்லிய கட்டுக்கு அவன் எமன். கடைசிக் கடையில் கையில் 175 தங்கம் இருந்தாலும் அன்று ஸ்ட்ரைக்கை நீக்க மாட்டேன். ஒரே சீட்டில் நிறையத் தடுக்கும் கனமான சீட்டு ஒன்றை வாங்கிக் கட்டில் சேர்த்துக்கொண்டு மேலே ஏறுவேன்.