தட்டில் மூன்று பருப்பு

ஜனவரி 4, ஞாயிறு
இன்றும் தயிர்சாதம், அப்பளம். மகளுக்கு நான்கு வயது. பச்சையாக எது தெரிந்தாலும், கறிவேப்பிலை உட்பட, தட்டைத் தள்ளிவிடுகிறாள். வேலூரிலிருந்து வந்திருக்கும் அம்மா, கைப்பேசியில் படம் காட்டியபடியே நான்கு வாய் ஊட்டிவிட்டார். பேத்தி துரும்பாக இளைத்துவிட்டாள் என்பது அவர் தீர்ப்பு.

ஜனவரி 6, செவ்வாய்
குழந்தை மருத்துவரிடம் போனோம். எடையில் குறையில்லை. இந்த வயதில் ஆண்டுக்கு இரண்டு கிலோ ஏறினால் போதுமாம். கைக்குழந்தையாக இருந்தபோது ஏறிய வேகத்தையே நாங்கள் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். "பால் எவ்வளவு குடிக்கிறாள்?" என்றார். நான்கு டம்ளர் என்று பெருமையாகச் சொன்னேன். சிரித்துவிட்டார். நாளுக்கு அரை லிட்டரைத் தாண்டினால் சோற்றுக்கு வயிற்றில் இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும். இரண்டு டம்ளரோடு நிறுத்துங்கள் என்றார். எதை, எப்போது தருவது என்பது பெரியவர்கள் பாடு. எவ்வளவு தின்பது என்பது அவள் பாடு. ஒரு புதிய காய் பழகப் பத்துப் பதினைந்து முறைகூட ஆகலாமாம். நாங்கள் மூன்றாவது முறையிலேயே கைவிட்டவர்கள்.

ஜனவரி 8, வியாழன்
பாலுக்காக அழுகை. கைப்பேசி அலமாரியின் மேல். அம்மா என்னோடு பேசவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு
இங்கே பெங்களூரில் மல்லேஸ்வரம் சந்தை முழுக்க அவரேகாய் மணம். நம் ஊர்ப் பச்சை மொச்சைதான். இரண்டு கிலோ வாங்கிவந்தேன். "பிதுக்கம்பருப்புக் குழம்பு வைக்கலாமே" என்று அம்மாவே பேச்சைத் தொடங்கினார்.

ஜனவரி 12, திங்கள்
காலையில் ஊறவைத்த கொட்டையை மாலையில் பிதுக்க உட்கார்ந்தோம். இரண்டு விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிப் பாயும். மகள் முதல் பருப்பை என் மூக்குக்கண்ணாடி மேல் அடித்தாள். பிறகு ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. பாதி தரையில் கிடந்தது. இன்னும் சோபாவுக்கு அடியிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறேன்.
இரவு அவள் தட்டின் ஓரத்தில் வெந்த பருப்பு மூன்று வைத்தோம். முகர்ந்தாள். நாக்கால் தொட்டாள். துப்பினாள். அம்மா வாயைத் திறப்பதற்குள் ரசத்தில் மிளகு தூக்கல் என்று நான் பேச்சை மாற்றினேன்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்
மறுபடியும் மூன்று பருப்பு. "இது நான் பிதுக்கினது" என்று ஒன்றைத் தின்றாள். ஒன்றுதான். அம்மா இன்னொன்றை எடுத்து நீட்டினார். "வேண்டாம் பாட்டி" என்றாள். அம்மா என்னைப் பார்த்தார், பருப்பைப் பார்த்தார், தன் வாயில் போட்டுக்கொண்டார்.