கறுப்பு மாதாவும் பைன் மரக் கோவிலும்

ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை காலையில் குரிச்சிபாவின் போப்பாண்டவர் சோலைக்குள் நுழைந்தால், கண்ணுக்கு முன்னால் மூக்கு விழித்துக்கொள்ளும். புகை போட்ட சாசேஜ், அன்று காலை சுட்ட ரொட்டி, துருவிய குதிரைமுள்ளங்கியின் காரநெடி. மரங்களுக்கு நடுவே வருகிற ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு பிரம்புக்கூடை. மேலே பூவேலை செய்த வெள்ளைத் துணி. தவக்காலம் முழுக்கச் சுத்தபோசனமும் ஒருசந்தியுமாக இருந்தவர்கள், பாஸ்கா காலை உணவை மந்திரித்துக் கொண்டுபோக வருகிறார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இவர்களுடைய பாட்டன் பூட்டன் போலந்தில் செய்த அதே காரியம். நடப்பது பிரேசிலில், அவ்வளவுதான்.

என்னை அழைத்துப் போனது உடன் வேலை செய்யும் நண்பரும் அவருடைய அம்மாவும். நானும் கத்தோலிக்கன் என்று தெரிந்ததும் அந்த அம்மா எனக்கென்று தனியாக ஒரு சின்னக் கூடை கட்டிவைத்துவிட்டார். "வெறுங்கையோடு சாமியார் முன்னால் நிற்கக் கூடாது, மகனே" என்று கையில் திணித்தார். துணியை விலக்கிப் பார்த்தேன். வெங்காயத் தோலோடு அவித்ததில் செம்பழுப்பாகிப்போன முட்டைகள். அவற்றின் மேல் ஊசி முனையால் சுரண்டிய இலைகளும் நட்சத்திரங்களும். ஒரு கிண்ணத்தில் உப்பு. ரொட்டி, சாசேஜ், ஒரு துண்டு குதிரைமுள்ளங்கி வேர். நடுவில் வெண்ணெயில் பிடித்த ஆட்டுக்குட்டி. கண்ணுக்கு இரண்டு மிளகு. வெயில் ஏறினால் உருகிவிடும் என்று அதன் தலைக்கு மேல் ஒரு முட்டைக்கோஸ் இலையைக் கவிழ்த்திருந்தார்.

எங்கள் ஊரில் பெரிய சனி என்றால் இரவுதான். நெருப்பு மந்திரிப்பது, பாஸ்கா திரி, நடுச்சாமப் பூசை. பகல் முழுக்கக் கோவில் வெறிச்சென்று கிடக்கும். இங்கே பகலிலேயே பாதித் திருவிழா. நீள மேசைகளில் கூடைகளை வரிசையாக வைத்துத் துணியை விலக்கிவிடுகிறார்கள். பாதிரியார் மூன்று ஜெபம் சொல்கிறார்: ரொட்டிக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று. போர்த்துகீசிலும் போலிஷிலும் மாறி மாறி. பிறகு தீர்த்தம். தெளிப்பது என்று சொல்ல முடியாது, வீசி அடிக்கிறார். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் நனைவதற்காகவே முண்டியடித்து முன்னால் வந்தார்கள். நண்பரின் அம்மா கண்ணாடியைத் துடைக்காமல் அப்படியே நின்றார்.

சோலைக்கு அந்தப் பெயர் வந்த கதை 1980-ல் தொடங்குகிறது. போலந்துக்காரரான இரண்டாம் ஜான் பால் போப்பாண்டவராகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அந்த ஜூலையில் பிரேசில் வந்தவர் குரிச்சிபாவுக்கும் வந்தார். கோட்டோ பெரெய்ரா கால்பந்து மைதானத்தில் போலந்து வம்சாவளியினர் அவரைச் சந்தித்தார்கள். பழைய குடியேற்றக் கிராமத்து மரவீடு ஒன்றை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். போப்பாண்டவர் அதை ஆசீர்வதித்தார். அதே வருஷம் டிசம்பரில், முன்பு மெழுகுவர்த்தித் தொழிற்சாலை இருந்த இடத்தில் இந்தச் சோலை திறக்கப்பட்டது. தோமாஸ் கொயெல்யோ, முரிசி போன்ற குடியேற்றங்களிலிருந்து வீடுகளைக் கட்டை கட்டையாகக் கழற்றி வந்து இங்கே மறுபடி பூட்டினார்கள். மொத்தம் ஏழு வீடுகள். அவற்றில் ஒன்றுதான் கோவில்.

அரௌகாரியா என்கிற அந்த ஊர்ப் பைன் மரம் குடையை விரித்துக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்ததுபோல் நிற்கும். அதன் அடிமரத்தைச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மூலையில் ஒன்றுக்குள் ஒன்று கொளுவிக் கட்டிய சுவர்கள். கையால் தடவினால் கோடாலி வெட்டிய பள்ளங்கள் விரலில் தட்டுகின்றன. பனியே பெய்யாத ஊரில் பனி வழுக்கி விழுவதற்கான செங்குத்தான கூரை! எப்போதாவது ஒரு குளிர்காலத்தில் பெய்வதுண்டு, ஆனால் அதற்காகவா இப்படிக் கட்டினார்கள்? வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும், கட்டினார்கள்.

உள்ளே இருபது பேர் நின்றால் நிறைந்துவிடும். பீடத்தில் செஸ்டகோவா மாதாவின் படம். போலந்தின் யஸ்னா கூரா மடத்தில் இருக்கும் மூலப் படத்தின் பிரதி. கறுத்த முகம். கருநீல மேலங்கியில் பொன் லில்லிப் பூக்கள். இடக்கையில் குழந்தை; வலக்கை, 'என்னைப் பார்க்காதே, இவனைப் பார்' என்பதுபோலக் குழந்தையைக் காட்டுகிறது. வலது கன்னத்தில் இரண்டு நீளத் தழும்புகள். 1430-ல் மடத்தைச் சூறையாடிய கொள்ளையர் வாளால் கீறிய தழும்பு என்கிறார்கள். படத்தைச் செப்பனிட்ட ஓவியர்கள் எவ்வளவு பூசியும் தழும்பு மறையவில்லை என்பது பக்தர்கள் சொல்லும் கதை. நான் பல மாதா படங்களின் முன்னால் முழங்காலிட்டிருக்கிறேன். இந்த முகத்தில் புன்சிரிப்பு இல்லை. 'உனக்கு என்ன ஆச்சு?' என்று கேட்கிற முகம். கொண்டுபோன விண்ணப்பம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன், அதுவும் தமிழில். பக்கத்தில் ஒரு கிழவர் போலிஷில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு பெண் போர்த்துகீசில்.

இந்தப் படத்தை இங்கே குடியேறியவர்கள் ஏன் இவ்வளவு தூரம் தூக்கிவந்தார்கள் என்று புரிய, அன்றைய போலந்தின் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிலை என்ன, போலந்து என்று ஒரு நாடே அன்று இல்லை. 1795-ல் ரஷ்யா, ஜெர்மானியரின் பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் பங்கு போட்டுக்கொண்டதில் வரைபடத்திலிருந்தே போனது; திரும்பி வந்தது 1918-ல்தான். கப்பலேறியவர்களின் காகிதத்தில் ரஷ்யக் குடிமகன், பிரஷ்யக் குடிமகன் என்றிருந்தது. 'நீ போலந்துக்காரன்' என்று சொல்ல அரசன் இல்லை, கொடி இல்லை. 1656-ல் மன்னர் யான் காசிமிர் மாதாவைப் போலந்தின் அரசியாக அறிவித்திருந்தார். நாடு போன பிறகும் அந்த அரசி மட்டும் பதவியில் இருந்தாள். ஆகவே பெட்டியில் விதை, கோடாலி, ஜெபப்புத்தகத்தோடு அவளும் வந்தாள்.

1869-ல் பிரேசிலுக்கு முதலில் வந்த கூட்டம், பிரஷ்யாவின் பிடியில் இருந்த ஓபோலே வட்டாரத்தின் ஷோல்கோவிட்ஸே கிராமத்தார். 1382-ல் யஸ்னா கூரா மடத்தை நிறுவியவரும், கறுப்பு மாதா படத்தை அங்கே கொண்டுவந்து சேர்த்தவரும் ஓபோலேயின் பிரபு விளாதிஸ்லாவ்தான். அதே மண்ணின் குடியானவர்கள் ஐந்நூறு வருஷம் கழித்து அவளைக் கடல் தாண்டிக் கொண்டுபோனார்கள் என்று நினைக்கையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர்களை முதலில் சாந்தா கதரீனா மாநிலத்தின் ப்ரூஸ்கியில் இறக்கினார்கள். அது ஜெர்மானியர் குடியேற்றம். யாரிடமிருந்து தப்பி வந்தார்களோ அவர்களுக்கே அண்டைவீடு! பிரஷ்யப் பட்டாளத்துக்குப் பிடிகொடுக்காமல் ஓடிவந்த செபாஸ்தியான் சபோர்ஸ்கி என்பவர் அரசாங்கத்தோடு பேசி, 1871-ல் அவர்களைக் குரிச்சிபாவின் பிலார்சின்யோவுக்கு மாற்றினார். பிறகு அப்ராஞ்சிஸ், சாந்தா காஞ்சிதா, ஓர்லியான்ஸ் என்று நகரைச் சுற்றி வளையம்போலக் குடியேற்றங்கள் முளைத்தன. 1890 வாக்கில் ரஷ்யப் பகுதிக் கிராமங்களை 'பிரேசில் காய்ச்சல்' பிடித்து ஆட்டியது. அடிமைமுறையை 1888-ல் ஒழித்த பிரேசிலுக்கு ஆள் தேவை. துண்டு நிலத்தில் அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவர்களுக்கு நிலம் தேவை.

நிலம் என்று கிடைத்தது காடு. வெட்டி, எரித்து, ரை தானியமும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் போட்டார்கள். 1911-ல் க்ரூஸ் மசாடோ குடியேற்றத்துக்குப் போனவர்களை டைபஸ் காய்ச்சல் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டது. பாதிரியார் எப்போது வருவார் என்று தெரியாத காலம். கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாம் அவருக்காகக் காத்திருக்கும். அதனால் வழியோரம் ஒரு மரச்சிலுவையை நட்டு, அதைச் சுற்றி நின்று ஜெபமாலை சொன்னார்கள். குரிச்சிபா இருக்கும் பரானா மாநிலத்தின் கிராமச் சாலைகளில் அந்தச் சிலுவைகளை இன்றும் பார்க்கலாம்.

ஆன்மிகப் பயணக் கட்டுரையில் வேண்டாத பேச்சு என்று சிலர் நினைக்கலாம், இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் காடு யாருமற்ற காடு அல்ல. கைன்கங்கு, ஷோக்ளெங்கு என்கிற பழங்குடிகள் காலங்காலமாக வாழ்ந்த இடம். அவர்களை விரட்டவும் கொல்லவும் கூலிக்கு ஆள் வைத்ததும் தென் பிரேசிலின் குடியேற்ற வரலாற்றில் ஒரு பக்கம்தான். நாடிழந்த ஏழைக்கு அரசாங்கம் கொடுத்த நிலம் இன்னொரு ஏழையுடையது. மாதாவின் கன்னத்துத் தழும்பைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் இதுவும் நினைவில் வந்தது, விலக்க முடியவில்லை.

மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு. விடியற்காலைப் பூசை முடிந்து நண்பர் வீட்டு மேசையில் உட்கார்ந்தோம். மந்திரித்த முட்டை ஒன்றைத் தட்டில் வைத்துக் குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை துண்டாக நறுக்கினார் அம்மா. எனக்கும் ஒரு துண்டு, உப்புத் தொட்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வரும் வருஷத்துக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்லி வாழ்த்திவிட்டுத்தான் வாயில் போட வேண்டும். நண்பருக்கும் தம்பிக்கும் ஏதோ நிலத் தகராறு, பேச்சு நின்று போயிருந்தது என்று எனக்கு முன்பே தெரியும். தம்பி எழுந்து வந்து அண்ணன் முன்னால் நின்றார். இருவரும் என்ன சொல்லிக்கொண்டார்கள் என்று காதில் விழவில்லை. அம்மா அந்தப் பக்கம் திரும்பாமல் ரொட்டியை நறுக்கிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு குதிரைமுள்ளங்கித் துருவலை ஒரு கரண்டி எடுத்து வைத்தார் பாருங்கள், நம் ஊர்ப் பச்சை மிளகாய் தோற்றது. காரம் மூக்கில் ஏறி எல்லோர் கண்ணிலும் தண்ணீர். அழுதவர் யார், காரத்தால் கலங்கியவர் யார் என்று பிரிக்க முடியாத நேரம்.

மந்திரித்த எதையும் குப்பையில் போடுவதில்லை. முட்டை ஓட்டைக்கூட நொறுக்கித் தோட்டத்து மண்ணில் தூவினார்கள்.

சாப்பாடு முடிந்து அம்மா பழங்கதை சொன்னார். அவருடைய அம்மா படித்தது குடியேற்றத்தார் தாங்களே நடத்திய போலிஷ் பள்ளியில். பிரேசில் அதிபர் வர்காஸ் ஆட்சியின் தேசியமயமாக்கத்தில் 1938-ல் அந்தப் பள்ளிகளெல்லாம் மூடப்பட்டன. பிறமொழிப் பத்திரிகைகளும் பின்னால் நின்றுபோயின. "கணக்குப் போடுவதும் கடையில் பேசுவதும் போர்த்துகீசுக்கு மாறிவிட்டது. ஜெபம் மட்டும் மாறவில்லை. அம்மா கதவைச் சாத்திவிட்டு ஜெபமாலை சொல்வாள்" என்றார். நண்பருக்குப் போலிஷில் நாலு வார்த்தை பேசத் தெரியாது. ஆனால் பரலோகத்தில் இருக்கிற பிதாவே போலிஷில் தடங்கலின்றி வருகிறது. பரானாவின் மல்லெட் போன்ற ஊர்கள் சமீப ஆண்டுகளில் போலிஷை ஆட்சிமொழிகளில் ஒன்றாக ஏற்றிருக்கின்றன. சட்டம் செய்வதற்கு முன்பே அந்த மொழியைக் காப்பாற்றி வைத்தது அடுப்படி ஜெபமாலைதான் என்பது என் எண்ணம்.

அந்த வீட்டுச் சுவரில் இரண்டு மாதாக்கள் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று செஸ்டகோவா. பிரேசிலில் அவளை 'மொன்சி க்ளாரோ' மாதா என்கிறார்கள். மற்றது அப்பரெசீதா மாதா, 1717-ல் பராயீபா ஆற்றில் மீனவர் வலையில் சிக்கிய சிறு மண் சொரூபம், இன்று பிரேசிலின் பாதுகாவலி. அவளும் கறுப்பு. "இதில் யாரிடம் முதலில் கேட்பீர்கள்?" என்று விளையாட்டாகக் கேட்டேன். "நிலத்து விஷயம் என்றால் இவள், பிள்ளைகள் விஷயம் என்றால் அவள்" என்றார் அம்மா, சற்றும் யோசிக்காமல். எந்த விரல் யாரை நோக்கி நீண்டது என்பதை அவருடைய அனுமதியில்லாமல் எழுத மாட்டேன்.

போக நினைப்பவர்களுக்கு: சோலை, கண் வடிவத்தில் இருக்கும் ஆஸ்கர் நீமையர் அருங்காட்சியகத்தை ஒட்டியே இருக்கிறது; கட்டணம் கிடையாது. செஸ்டகோவா மாதாவின் திருநாள் ஆகஸ்ட் 26. நகர நடுவில் புனித ஸ்தனிஸ்லாவுஸ் கோவிலில் போலிஷ் பூசையும் உண்டு. கூடை மந்திரிப்பைப் பார்க்க விரும்பினால் பெரிய சனியன்று காலையிலேயே போய்விடுங்கள். மரவீடுகளில் ஒன்றில் பழைய குதிரைவண்டியும் முட்டைக்கோஸ் புளிக்கவைத்த பீப்பாயும் இருக்கின்றன, அவற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள். கையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். பிரேசில்தானே என்று மெல்லிய சட்டையோடு போனால் குரிச்சிபாவின் ஏப்ரல் காலை உங்களை நடுக்கிவிடும்.