பாலக்காட்டுக் கணவாயும் யானைகளின் மரபணுவும்

முதுகலையில் பாதுகாப்பு மரபியல் (அருகிவரும் உயிரினங்களைக் காக்க அவற்றின் மரபணுவை ஆராயும் துறை) படிக்கத் தொடங்கியபின், யானை இலத்தியை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. குடலிலிருந்து உரிந்துவரும் செல்கள் புதிய இலத்தியின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும். அந்த மெல்லிய மேற்படலத்தை மட்டும் சுரண்டி ஆல்கஹாலில் இட்டு வைத்தால், யானையை நெருங்காமலும் மயக்க ஊசி போடாமலும் அதன் டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கலாம்.

இம்முறையைப் பயன்படுத்தி யானை ஆய்வாளர்களான டி.என்.சி. வித்யா, ரா. சுகுமார் உள்ளிட்டோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு என்னை உலுக்கியது. ஆயிரக்கணக்கான யானைகள் வாழும் நீலகிரிப் பகுதியில், தாய்வழியே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவில் ஒரே ஒரு வகைதான் காணப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இடைவெளியாக அமைந்த பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள ஆனைமலை, பெரியார் காடுகளின் யானைகளோ அவற்றிலிருந்து மரபளவில் வேறுபட்டிருந்தன. எண்ணிக்கை பெருகியிருப்பதாலேயே மரபுவளமும் செழித்திருக்கும் என்று நாம் நம்பிவிடக் கூடாது.

ஆசிய யானைகளில் ஆணுக்கு மட்டுமே தந்தம் உண்டு என்பதால், தந்த வேட்டை ஆண்களையே குறிவைத்தது. பெரியாரில் வளர்ந்த ஆண்கள் மிகவும் அருகிப்போன காலத்தில், காட்டில் யானைகள் பல இருந்தும் அடுத்த தலைமுறைக்கு மரபணுவைக் கடத்திய தந்தைகள் வெகு சிலரே. தலைக்கணக்கெடுப்பில் தெரியாத இந்த இழப்புதான் எனக்குப் பெரும் கவலை தருகிறது. எனவே, ஒவ்வொரு கணக்கெடுப்பின்போதும் இலத்தி மாதிரிகளையும் சேகரித்தே ஆக வேண்டும் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அடுத்த பருவத்தில், அத்தகைய மாதிரிகளைக் கொண்டு யானைகளைத் தனித்தனியே அடையாளம் காணும் மைக்ரோசாட்டிலைட் (டிஎன்ஏவில் திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளை ஒப்பிடும்) முறையைக் கற்கவிருக்கிறோம்.