முட்டைக்குப் பிடித்த வைரஸ்

சுண்டெலிக் கருவை உடலுக்கு வெளியே வளர்த்துப் பழகியவர்களுக்கு 'இரண்டு செல் தடை' தெரிந்திருக்கும். கருவுற்ற முட்டையை வளர்ப்புத் திரவத்தில் போட்டால் ஒருமுறை பிளந்து இரண்டு செல்லாகும், அதோடு நின்றுவிடும். 1956இல் விட்டன் என்ற ஆய்வாளர் எட்டுச் செல் கருவை பிளாஸ்டோசிஸ்ட் நிலைவரை, அதாவது கருப்பையில் பதியத் தயாராகும் நிலைவரை, வளர்த்துக் காட்டினார். 1968இல் அவரும் பிக்கர்ஸும் ஒற்றைச் செல்லிலிருந்தே அந்த நிலைக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் சில கலப்பினச் சுண்டெலிகளில் மட்டுமே அது பலித்தது. மற்ற பல இனங்களில் கரு பிடிவாதமாக இரண்டிலேயே நின்றது. 1989இல், குளுக்கோஸை எடுத்துவிட்டு குளுட்டமைன் என்ற அமினோ அமிலம் சேர்த்த 'சிஇசட்பி' என்ற வளர்ப்புத் திரவம் வந்தது. நின்றுபோகும் என்று எழுதிவைத்திருந்த இனத்தின் கருக்களும் தடையைத் தாண்டின. குறை கருவில் இல்லை, திரவத்தில் இருந்தது.

இனப்பெருக்க உயிரியலிலிருந்து இன்ஃப்ளுயென்சா கண்காணிப்புக்கு வருகிறவர்கள் கையோடு கொண்டுவரும் பெரிய சொத்து இந்தச் சந்தேகம்தான். வளரவில்லை என்றால் முதலில் கிண்ணத்தைப் பார்ப்பது. வளர்ந்துவிட்டாலும், வளர்ந்தது நாம் போட்டதுதானா என்று பார்ப்பது. இரண்டாவது பாதி ஃப்ளூ வேலையில்தான் முழுதாகப் புரியும்.

நேரக் கணக்கும் கூடவே வரும். சுண்டெலிக்கு முட்டையை முதிரவைக்கும் பிஎம்எஸ்ஜி ஹார்மோன் 5 யூனிட் ஊசி போட்டு, 46 முதல் 48 மணி நேரம் கழித்து முட்டையை வெளியேறவைக்கும் எச்சிஜி ஹார்மோன் போட்டால், அடுத்த 10 முதல் 13 மணி நேரத்துக்குள் சினைமுட்டை வெளியாகும். விலங்குக் கூடத்தில் இரவு யாரோ விளக்கை அணைக்க மறந்தால், எலியின் உடல் பகலிரவை விளக்கை வைத்தே அறிவதால், இந்தக் கணக்கு குழம்பும். மருந்தைக் குற்றம் சொல்லி ஒரு வாரம் போன பிறகுதான் விளக்கு நினைவுக்கு வரும்.

ஃப்ளூவில் கடிகாரம் நோயாளியின் உடலில் ஓடுகிறது. உலக சுகாதார நிறுவன வரையறைப்படி 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கிப் பத்து நாளுக்குள் என்றால் 'ஃப்ளூ போன்ற நோய்'. ஆனால் வைரஸை உயிரோடு பிடிக்க வேண்டுமானால் முதல் மூன்று நான்கு நாள்தான். ஏழாம் நாள் எடுத்த ஸ்வாபில் (மூக்கு, தொண்டையில் மாதிரி எடுக்கும் குச்சி) வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பாசிட்டிவ் வரலாம். வளர்க்கப் போனால் பெரும்பாலும் ஒன்றும் வராது. படிவத்தில் 'காய்ச்சல் தொடங்கிய தேதி' என்ற கட்டம் காலியாக வந்தால் அந்த மாதிரியின் மதிப்பு பாதி போயிற்று.

ஸ்வாப் செயற்கை இழையாக இருக்க வேண்டும். மரக்குச்சியில் சுற்றிய பஞ்சும் கால்சியம் ஆல்ஜினேட் இழையும் ஆகாது: முன்னது பிசிஆரைக் கெடுக்கலாம், பின்னது வைரஸையே கெடுக்கும். எடுத்ததை 2 முதல் 3 மில்லி கடத்தும் திரவத்தில் முக்கி 4 டிகிரியில் வைக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்துக்கு வராது என்றால் மைனஸ் 70க்குப் போக வேண்டும். இடையில் இருக்கும் மைனஸ் 20 ஃப்ரீசர்தான் பொறி. உறைந்துவிட்டதே என்ற நிம்மதியைக் கொடுத்து வைரஸைக் கொன்றுவிடும்.

மாதிரியை உறையவைத்து அனுப்பப் பயன்படும் டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) இன்னொரு பொறி. மூடி சரியாக இறுகாத குழாய்க்குள் கார்பன் டை ஆக்சைடு புகுந்து திரவத்தை அமிலமாக்கும். வைரஸ் செல்லில் ஒட்ட உதவும் ஹீமக்ளூட்டினின் என்ற மேற்பரப்புப் புரதம் அமிலத்தில் உருமாறிவிடும். செல்லுக்குள் நுழைந்தபின் நடக்க வேண்டிய மாற்றம் குழாயிலேயே நடந்து முடிந்துவிடும். கரு வளர்த்தவர்கள் இதை உடனே பிடித்துவிடுவார்கள். இன்குபேட்டரின் 5 அல்லது 6 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு சற்றுக் கூடினால் ஃபீனால் ரெட் என்ற அமிலங்காட்டிச் சாயம் போட்ட திரவம் இளஞ்சிவப்பிலிருந்து மஞ்சளுக்குப் போவதை தினமும் பார்த்த கண் அவர்களுடையது.

நெகட்டிவ் முடிவைப் படிப்பதற்கும் முறை உண்டு. ஒவ்வொரு மாதிரியிலும் ஆர்.என்.ஏஸ் பி என்ற மனித மரபணுவையும் சேர்த்துப் பார்ப்பது, ஸ்வாப் தொண்டையைத் தொட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான். அது வரவில்லை என்றால் 'ஃப்ளூ இல்லை' என்று எழுதக்கூடாது. மீண்டும் மாதிரி கேட்க வேண்டும்.

வைரஸ் வளர்க்க இரண்டு வழி. பழையது கோழிமுட்டை. பத்து, பதினொரு நாள் அடைவைத்த முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரத்தக்குழாய் தெளிவாக இருப்பதை மட்டும் எடுத்து, மாதிரியை 0.1 அல்லது 0.2 மில்லி ஊசியில் ஏற்றி, 33 முதல் 35 டிகிரியில் இரண்டு மூன்று நாள் விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் செத்த கரு ஊசிக் காயத்தாலோ பாக்டீரியாவாலோ செத்தது. அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. திரவம் எடுப்பதற்கு முந்தைய இரவு முட்டையை 4 டிகிரியில் வைக்காதவர் மறுநாள் வருத்தப்படுவார். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கும். சுருங்காவிட்டால் ரத்தம் கசியும், கசிந்த சிவப்பணுக்களில் வைரஸ் ஒட்டிக்கொண்டு அறுவடை குறையும்.

மற்றது நாயின் சிறுநீரகத்திலிருந்து 1958இல் உருவான எம்டிசிகே செல். இதற்கு வைரஸ் போடுமுன் செல்லை நன்கு கழுவி, அதை வளர்த்த திரவத்தில் இருந்த சீரத்தை (ரத்தத்தின் தெளிநீர்) நீக்க வேண்டும். பிறகு திரவத்தில் மில்லிக்கு சுமார் 2 மைக்ரோகிராம் டிபிசிகே டிரிப்சின் என்ற புரதம் வெட்டும் நொதி சேர்க்க வேண்டும். டிரிப்சின் ஹீமக்ளூட்டினினை வெட்டிக்கொடுத்தால்தான் வைரஸ் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவும். சீரம் கொஞ்சம் தங்கினாலும் டிரிப்சினை முடக்கிவிடும். 'இந்த மாதிரி வளரவில்லை' என்ற குறிப்புக்குப் பின்னால் அரைகுறையாகக் கழுவிய ஒரு ஃபிளாஸ்க் இருப்பது அபூர்வம் அல்ல.

இப்போது அந்த இரண்டாவது பாதி, வளர்ந்தது நாம் போட்டதுதானா என்பது. மனித இன்ஃப்ளுயென்சா ஒட்டுவது செல்லின் மேற்பரப்பில் ஆல்ஃபா 2,6 இணைப்புள்ள சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையில். கோழிமுட்டையில் வைரஸ் பெருகும் அலண்டாயிக் உறையில் இருப்பது ஆல்ஃபா 2,3 இணைப்பு. அதனால் முட்டைக்குள் பெருகுவது நோயாளியின் தொண்டையில் இருந்த வைரஸ் அப்படியே அல்ல. முட்டைக்குத் தோதாக மாறிய வைரஸ். இன்ஃப்ளுயென்சா ஏ வைரஸின் எச்3என்2 வகையில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. 2014 வாக்கில் பரவிய 3சி.2ஏ கிளையின் ஹீமக்ளூட்டினினில் 160ஆம் இடத்தையொட்டி புதிதாக ஒரு சர்க்கரைச் சங்கிலி வந்திருந்தது. முட்டையில் வளர்த்த 2016-17 தடுப்பூசி வைரஸில் அது காணாமல் போயிருந்தது. சர்க்கரை இல்லாத வைரஸைக் காட்டிப் பழக்கிய எதிர்ப்பொருள், சர்க்கரையோடு வரும் வைரஸைச் சரியாகப் பிடிக்கவில்லை. இரண்டு செல் தடையில் கிண்ணம் உயிரை நிறுத்தியது. இங்கே நிறுத்தவில்லை, வேறொன்றாக மாற்றிக் கையில் கொடுத்தது. இரண்டாவதுதான் மோசம், ஏனென்றால் எல்லாம் நன்றாக நடந்ததாகவே தோன்றும்.

வளர்ந்ததை அடையாளம் காணும் எச்ஐ சோதனையிலும் அதே சிக்கல். வைரஸ் சிவப்பணுக்களைக் கட்டுவதை, அறிந்த வைரஸுக்கு எதிரான சீரம் தடுக்கிறதா என்று பார்ப்பது அது. சீரம் ஒரு பங்கு, அதில் இயல்பாக இருக்கும் தடுப்புப் பொருள்களை நீக்கும் ஆர்டிஇ நொதி மூன்று பங்கு, 37 டிகிரியில் ஓர் இரவு. பிறகு 56 டிகிரியில் 30 நிமிடம். பிறகு ஆறு பங்கு உப்புநீர். சீரம் பத்தில் ஒன்றாகும். அதை இருமடி இருமடியாக நீர்த்து, ஒவ்வொரு குழியிலும் 25 மைக்ரோலிட்டர் விட்டு, 4 அலகு வைரஸ் சேர்த்து, கடைசியில் 0.5 சதவீத வான்கோழிச் சிவப்பணு. 30 நிமிடம் கழித்துத் தட்டைச் சாய்த்தால், சீரம் வைரஸைத் தடுத்த குழியில் அணுக்கள் கண்ணீர்த்துளிபோல் வழியும். வைரஸின் அளவை அன்றன்றே மறுபடி அளந்து பார்க்காமல் நேற்றைய நீர்ப்பை நம்பினால், 4 அலகு 8 ஆகியிருக்கும், டைட்டர் (சீரம் வைரஸைத் தடுக்கும் கடைசி நீர்ப்பு) பாதியாக விழும். புதுத் திரிபு வந்துவிட்டது என்று பரபரப்பது அப்படித்தான். சமீபத்திய எச்3என்2 பல வான்கோழி அணுவைக் கட்டுவதே இல்லை. அவற்றுக்குக் கினிப் பன்றி அணு 0.75 சதவீதம், ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். சில வைரஸ்கள் நியூராமினிடேஸ் என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதத்தால் ஒட்டி ஏமாற்றும்; அதைத் தடுக்க ஒசெல்டமிவிர் என்ற ஃப்ளூ மருந்து 20 நானோமோலார் சேர்ப்பார்கள்.

இத்தனையும் முடிந்து போகும் தகவல் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் உலக சுகாதார நிறுவனம் கூட்டும் தடுப்பூசிக் கூட்டங்களுக்கு. 1952இல் தொடங்கிய கண்காணிப்பு வலையின் நாட்காட்டி இரண்டு அரைக்கோளங்களின் குளிர்காலத்துக்காகப் போட்டது. இந்தியா அதற்குள் அடங்காது. ஸ்ரீநகரில் ஃப்ளூ குளிர்காலத்தில், டெல்லியிலும் புனேயிலும் தென்மேற்குப் பருவமழையில், சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில் உச்சம். எந்த ஊரில் எந்த மாதம் ஊசி போடுவது என்பதை ஆண்டு முழுக்க வாராவாரம் எடுக்கும் சலிப்பான மாதிரிகள்தான் சொல்லும்.

2020 மார்ச்சுக்குப் பிறகு இன்ஃப்ளுயென்சா பி வகையின் யமகாட்டா பிரிவு உறுதியாக எங்கும் கண்டறியப்படவில்லை. தடுப்பூசியிலிருந்தும் அதை எடுத்துவிடச் சொல்லியாயிற்று. ஆனாலும் பி வகை மாதிரி வந்தால் யமகாட்டாவைத் தேடும் பிசிஆர் ப்ரைமரையும், அது வேலை செய்கிறதா என்று காட்டும் பாசிட்டிவ் கண்ட்ரோலையும் சேர்த்தே தட்டில் ஏற்றுகிறார்கள். கண்ட்ரோல் குழியில் கோடு எழும்பாத நாளில் 'யமகாட்டா இல்லை' என்று அறிக்கை போகாது.