ஜேஎன்யூவுக்கு வருமுன் எழுதிப் பழகுங்கள்

மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலைச் சேர்க்கைக்கான பொது நுழைவுத் தேர்வான சியுஇடி பிஜி அறிவிப்பு வந்ததும், டெல்லி ஜேஎன்யூவில் (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) இருக்கும் எனக்கு ஊரிலிருந்து ஃபோன் வர ஆரம்பித்துவிடும். "அக்கா, ஜேஎன்யூல சீட் கிடைக்குமா? எவ்ளோ மார்க் எடுக்கணும்? ஹாஸ்டல் தருவாங்களா?" கூடவே, "ரேங்க்ல ரெண்டாவதாமே!" என்பதும் வரும். பொய்யில்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் என்ஐஆர்எஃப் தரவரிசைப் பட்டியலில், பல்கலைக்கழகங்கள் வரிசையில், பெங்களூர் ஐஐஎஸ்சிக்கு (இந்திய அறிவியல் கழகம்) அடுத்த இடத்தில் ஜேஎன்யூ பல வருடங்களாக இருக்கிறது. ஆனால் அந்த ரேங்க் மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்துப் போட்டது. நீங்கள் சேரப்போவது ஒரு மையத்தில் (துறை மாதிரி), ஆராய்ச்சி செய்யப்போவது ஓர் ஆசிரியரிடம். அதனால் ரேங்கை வீட்டில் சம்மதம் வாங்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கூடவே மூன்று பெயர்களையும் சொல்லலாம்: இங்கே எம்.ஏ. பொருளாதாரம் படித்து 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, அதே எம்.ஏ.வை இங்கே படித்த மதுரைக்காரர் நிர்மலா சீதாராமன், இங்கே பிஎச்.டி. முடித்து, பின்னாளில் வெளியுறவு அமைச்சரான ஜெய்சங்கர். என் வீட்டிலும் இந்தப் பட்டியல்தான் வேலை செய்தது. அதற்கு மேல் அதற்குப் பயன் கிடையாது.

நான் சொல்ல வருவது வேறு விஷயம். முன்பெல்லாம் ஜேஎன்யூவின் நுழைவுத் தேர்வே கட்டுரை எழுதும் தேர்வு. எழுதத் தெரிந்தவர்தான் உள்ளே வந்தார். 2019இல் அது கணினியில் விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாக மாறியது, 2022இலிருந்து எம்.ஏ.வுக்கு சியுஇடி மதிப்பெண்தான். உள்ளே நடக்கும் படிப்பு மட்டும் மாறவில்லை. இங்கே எல்லாமே எழுத்து. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்த பிள்ளை, முதல் செமஸ்டரிலேயே ஒவ்வொரு பாடத்துக்கும் டெர்ம் பேப்பர் (ஆதாரம் காட்டி எழுதும் நீண்ட கட்டுரை) எழுதி, வகுப்பின் முன் நின்று பேசியும் ஆக வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் திணறுவது இங்கேதான். ஆங்கிலம் வராததுதான் காரணம் என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். பாதிதான் உண்மை.

ஜூனியர் ஒருவன் காட்டிய டெர்ம் பேப்பர் ஒன்றைச் சொல்கிறேன். நீதிக்கட்சி பற்றியது. ஆங்கிலத்தில் பெரிய பிழை எதுவும் இல்லை. "அந்தக் காலத்தில் மக்களிடையே விழிப்புணர்வு பரவியது" என்ற பொருளில் ஒரு வரி. அதன் அடியில் ஆசிரியர் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் நான்கே நான்கு கேள்வி எழுதியிருந்தார்: எந்தக் காலம்? எந்த மக்கள்? எப்படிப் பரவியது? உனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் முழுக்க இதே மாதிரி. பையன் ஆடிப்போய்விட்டான். நம் கல்லூரியில் இப்படிப்பட்ட வரிக்குத்தான் முழு மார்க் போடுவார்கள். யாரும் அவனை ஆதாரம் கேட்டதில்லை. இலக்கணம் திருத்த ஆள் கிடைப்பார்கள், மென்பொருளும் இருக்கிறது. "உனக்கு எப்படித் தெரியும்" என்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதற்கு ஊரிலிருந்தே பழகலாம். வாரம் ஒரு ஆய்வுக் கட்டுரை எடுங்கள். சமூக அறிவியல் என்றால் மும்பையிலிருந்து வரும் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி என்ற இதழ் நல்ல தொடக்கம். படித்து முடித்ததும் மூடி வைத்துவிட்டு, ஒரு பக்கம் எழுதுங்கள்: இவர் என்ன கேள்வி கேட்கிறார், என்ன ஆதாரம் வைக்கிறார், எனக்கு எங்கே இடிக்கிறது. முதலில் தமிழில் எழுதினாலும் சரி. கட்டுரைகள் எங்கே கிடைக்கும் என்ற பழைய சாக்கு இப்போது செல்லாது. 2025 ஜனவரியிலிருந்து 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' திட்டம் நடக்கிறது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்கள் இலவசமாகத் திறக்கலாம். டெல்லி மாணவருக்கு இருக்கும் அதே வாசல் உங்கள் அரசுக் கல்லூரிக்கும் இருக்கலாம். நூலகரிடம் போய்க் கேளுங்கள். அவருக்கே தெரியாமல் இருந்தால் நச்சரியுங்கள்.

சரி, தேர்வுக்கு வருவோம். சியுஇடி பிஜியில் 75 கேள்வி, 300 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். இந்த மைனஸைப் பார்த்துப் பயந்து பாதிக் கேள்வியை விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கண்ணை மூடிக்கொண்டு நாலு கேள்விக்கு விடை போட்டால், சராசரியாக ஒன்று சரியாகி 4 வரும், மூன்று தவறாகி 3 போகும். அப்போதும் ஒன்று மிச்சம். ஒரு விடையையாவது நிச்சயமாக ஒதுக்க முடிகிறது என்றால் கேள்வியை விடவே கூடாது. பாடத்துக்கு இக்னோவின் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பாடநூல்களே போதும். இஞான்கோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய வினாத்தாள்களையும் போட்டுப் பாருங்கள். பயிற்சி நிலையத்துக்குப் பணம் கட்டுவது வீண் என்பது என் கட்சி.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஒன்று. இளங்கலை சியுஇடியைத் தமிழில் எழுதலாம். முதுகலையில், மொழிப் பாடங்களை விட்டால், வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். எனவே படிக்கும்போதே கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் குறித்துக்கொண்டே போங்கள். சியுஇடி மதிப்பெண் வந்ததும் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஜேஎன்யூவின் சொந்தத் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எந்த எம்.ஏ.வுக்கு எந்தத் தாள் எழுத வேண்டும் என்பதை அவர்களுடைய ப்ராஸ்பெக்டஸில் பார்த்துவிட்டு, அப்புறம்தான் சியுஇடிக்கே பதிய வேண்டும்.

சான்றிதழில் மாட்டிக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டின் பிசி, எம்பிசி சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசு வேலை, கல்விக்கென்று தனிப் படிவத்தில் ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கிரீமி லேயரில் (இடஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவு) வரவில்லை என்பதும் அதில் இருக்க வேண்டும். 8 லட்சம் வருமான வரம்பைக் கணக்கிடும்போது பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமலேயே பலர் பொதுப்பிரிவில் விண்ணப்பித்துவிடுகிறார்கள். சேர்க்கை நெருங்கும்போது தாலுகா ஆபீசுக்கு ஓடினால் வேலைக்காகாது.

பிஎச்.டி.க்கு வருபவர்களுக்கு இப்போது பெரும்பாலும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நடத்தும் நெட் தகுதித் தேர்வுதான் வாசல். ஜூன் 2024 தேர்விலிருந்து நெட்டில் மூன்று தட்டுகள்: ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை), உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். கடைசி இரண்டில் வருபவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 சதவீதம். அந்த மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும். ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். இல்லாமல் வருபவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் 8,000. இந்த வித்தியாசத்துக்காக இன்னொரு முறை நெட் எழுதுவதில் தப்பே இல்லை.

விண்ணப்பிக்கும் முன் இடக் கணக்கைப் பாருங்கள். யுஜிசி விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். நீங்கள் ஆசைப்படும் பெரிய பெயரிடம் இந்த வருடம் ஒரு இடமும் இல்லாமல் இருக்கலாம். ஷோத்கங்கா தளத்துக்குப் போய், அவரிடம் படித்தவர்கள் சமர்ப்பித்த ஆய்வேடுகளைத் தேடுங்கள். என்ன தலைப்பு, எந்த ஆண்டு, என்ன மாதிரியான ஆதாரம் என்று பார்த்தாலே அவர் எதை ஏற்பார், எதை ஏற்கமாட்டார் என்று பிடிபட்டுவிடும். என்ஐஆர்எஃப் ரேங்கை விட இது நூறு மடங்கு உருப்படியான தகவல்.

நேர்முகத்தில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். தலைப்பு மாநிலம் அளவுக்கு இருக்கும். "தமிழகக் கடலோர மக்களின் வரலாறு" என்று ஒரு தங்கை கொண்டுவந்தாள். உட்கார வைத்துக் கேட்டேன்: எந்த மாவட்டம், எந்தப் பத்தாண்டு, எந்த ஆவணம்? எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. ஒரு வாரம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். தூத்துக்குடி, உப்பு, வருவாய்த்துறைக் கோப்புகள் என்று தலைப்பு சுருங்கியது. நேர்முகத்தில் கோப்புகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் குழுவில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். டெல்லியில் வளர்ந்த பிள்ளை நம்மை விடச் சரளமாக ஆங்கிலம் பேசும். ஆனால் கையெழுத்துத் தமிழில் இருக்கும் ஒரு மனுவை அதனால் படிக்க முடியாது. இதை மறைத்துவைத்துக்கொண்டு, எல்லாரும் எழுதும் கோட்பாட்டுத் தலைப்பில் போய் நிற்காதீர்கள்.

வளாகத்தைப் பற்றி: ஆரவல்லிப் பாறைகளின் மேல் ஏறத்தாழ 1,000 ஏக்கர். எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம், ராமநாதபுரத்துப் பிள்ளைகளுக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். நடுவில் நீலகாய் என்ற பெரிய மான் மேயும். ஹாஸ்டல்களுக்கு ஆறுகளின் பெயர்: காவேரி, பெரியார், கோதாவரி, சபர்மதி. ஃபீஸ் சொற்பம், உண்மையான செலவு மெஸ் பில்தான். ஹாஸ்டல் முதல் நாளே கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள், வரிசை உண்டு. அதுவரை பக்கத்தில் இருக்கும் முனிர்க்காவில் ரூம் எடுப்பவர்கள் அதிகம். வெளிச்சம் வருகிறதா என்று பார்த்து எடுங்கள். ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் முருகன் கோயிலும் தமிழ்ச் சங்கமும் இருக்கின்றன, பக்கத்திலேயே தமிழ்க் குடும்பங்கள். நகரத்துக்குள் போக 615 பஸ்.

ஆனால் வார இறுதியெல்லாம் தமிழ்க் கூட்டத்தோடே சுற்றினால் ஜேஎன்யூவில் பாதியைத் தவறவிடுவீர்கள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஹாஸ்டல் மெஸ்ஸில் மேசைகளை ஒதுக்கிவிட்டு நடக்கும் பேச்சுகள் இங்கே ஒரு தனிப் பாடத்திட்டம். பேராசிரியரோ பத்திரிகையாளரோ பேசுவார். முதல் வருட மாணவர் எழுந்து மறுத்துப் பேசுவார். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். மாணவர் சங்கத் தேர்தலையே மாணவர்களின் தேர்தல் குழுதான் நடத்துகிறது. எந்தக் கட்சியோடும் சேர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தலைவர் பதவிக்கு நிற்பவர்களின் விவாதத்தை ஒருமுறை முழுக்கக் கேளுங்கள், சபையில் கேள்வி கேட்பது எப்படி என்று தெரியும்.

அறிவியல் பக்கம் வருபவர்கள், உயர்நிலைக் கருவிகளுக்கான ஏஐஆர்எஃப் என்ற பொது ஆய்வகத்தில் உங்கள் ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவி இருக்கிறதா என்று சேரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். எம்.எஸ்சி. பயோடெக்னாலஜிக்கு சியுஇடி கிடையாது, காட்-பி என்ற தனி நுழைவுத் தேர்வு.

படிப்பு முடிந்து வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு சிக்கல் வரும். ஜேஎன்யூவின் மதிப்பீடு 9 புள்ளி அளவுகோல். 7.2 வாங்கியவர் இங்கே நல்ல மாணவர். அதைப் பத்துக்கு என்று நினைத்துப் படிப்பவருக்கு சுமாராகத் தெரியும். விண்ணப்பத்தில் ஒன்பதுக்கு எவ்வளவு என்று தெளிவாக எழுதுங்கள், மாற்றக் கேட்டால் பல்கலைக்கழகத்தின் சதவீத மாற்று விதியையும் இணைத்து அனுப்புங்கள்.