கட்டைவிரல் மலைமேல் ஒரு சனிக்கிழமை

முழங்கால் இன்னும் வலிக்கிறது, ஆனாலும் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். மூன்று மாத வேலையாக மொரீஷியஸ் வந்ததிலிருந்து எபேன் அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்த லெ பூஸ் மலையில் நேற்று கேமராவோடு ஏறி இறங்கிவிட்டேன். பிரெஞ்சில் அந்தப் பெயருக்குக் கட்டைவிரல் என்று பொருள். உச்சிப் பாறை அப்படித்தான் நீட்டிக்கொண்டு நிற்கிறது. உயரம் 812 மீட்டர். 1836 மே 2 அன்று சார்லஸ் டார்வினும் இதில் ஏறியிருக்கிறார்.

மலையடியில் இருக்கும் தலைநகர் போர்ட் லூயிஸைப் படமெடுக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நகரத்துக்கு வடமேற்கே கடல், கிழக்கிலும் தெற்கிலும் மலைகள். காலையில் ஊருக்குள் நின்று மலையை எடுத்தால் வெயில் நேரே லென்ஸில் இறங்கும், மலை கறுத்துப்போகும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை இப்படியே போனது. மலையைச் சாயங்காலம் நகரத்திலிருந்து எடுங்கள், நகரத்தைக் காலையில் மலைமேலிருந்து எடுங்கள். விடிந்த உடனேயும் வேண்டாம், மலையின் நிழல் ஊர்மேல் கிடக்கும். எட்டரை மணி சரியாக இருக்கும்.

எங்கள் எட்டரையைப் பேருந்து கெடுத்தது. கூட வேலை செய்யும் மதுரைக்காரரும் நானும் செயிண்ட் பியர் வண்டிக்கு ஐம்பது நிமிடம் நின்றோம். முதலில் வந்தது நிற்காமலே போய்விட்டது. அடுத்ததைப் பிடித்துக் கரும்புத் தோட்டத்து ஓரம் இறங்கும்போதே மணி எட்டேகால். வார இறுதியில் பேருந்தை நம்பி வெளிச்சத்துக்குத் திட்டம் போடாதீர்கள்.

ஏற ஒன்றரை மணி நேரம். கடைசியில் கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும், ட்ரைபாட் கொண்டுபோகாதது நல்லதாயிற்று. மேலே போனால் எந்தப் பக்கம் திரும்புவது என்றே தெரியவில்லை! துறைமுகத்தில் கப்பல்கள், ஷான் த மார்ஸ் குதிரைப் பந்தய மைதானத்தின் பச்சை வளையம், வடக்கே கடலில் குவான் த மீர் தீவு, கிழக்கே தலையில் உருண்டைக் கல்லைச் சுமந்த பீட்டர் போத் மலை. என்னிடம் இருப்பது தூரத்தை நெருக்கிக் காட்டாத 18-55 லென்ஸ் ஒன்றுதான், பெரியது வாங்கக் காசில்லை. அந்தக் கல்லுக்காகவாவது ஒன்று வாடகைக்கு எடுத்திருக்கலாம் என்று மனம் அடித்துக்கொண்டது. பதினொரு மணிக்கு தென்கிழக்குக் காற்று மேகத்தைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

நகரப் பக்கம் இறங்கினோம். அடிவாரத்துப் பகுதிக்கு ட்ராங்க்பார் என்று பெயர். ஐரோப்பியர் வாயில் நுழைந்து வந்த நம் தரங்கம்பாடி! அங்கே டாக்ஸி ஏறியதுதான் தப்பு. மீட்டர் கிடையாது. மூன்று கிலோமீட்டர்கூட இல்லாத மார்க்கெட்டுக்கு எழுநூறு மொரீஷியஸ் ரூபாய் வாங்கிவிட்டார். நம் பணத்தில் ஆயிரத்துக்கு மேல். பகல்கொள்ளை. ஏறும் முன்பே பேசிவிடுங்கள்.

மார்க்கெட்டில் தால் பூரி. பருப்பை அரைத்து உள்ளே வைத்த மெல்லிய ரொட்டி, இனிப்பில்லாத போளி மாதிரி. அதற்குள் பட்டர் பீன்ஸ் குழம்பு, ருகாய் என்கிற தக்காளிக் குழம்பு, மிளகாய்ச் சட்னி. எப்போதும் ஜோடியாகத்தான் தருவார்கள். இங்கே எல்லோரும் பேசும் கிரியோல் மொழியில் ஒரு ஜோடிக்குச் சொல்வது நம் காதில் அப்படியே ‘என் பேர்’ என்று விழுகிறது. கடைக்கார அம்மா எங்கள் பேச்சைக் கேட்டு “வணக்கம்” என்றார். பாட்டி வீட்டில் தமிழ்தான் பேசுவாராம், இவருக்குச் சில வார்த்தைகளும் காவடிப் பாட்டும் மட்டும் மிச்சம். நான் நீட்டிய நூறு ரூபாய் நோட்டில் இந்த நாட்டுத் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் படமும் தமிழ் எழுத்தும் இருந்தன. அதைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். ஆளுக்கு இரண்டு ஜோடி, அப்புறம் சப்ஜா விதை மிதக்கும் அலுடா என்கிற பால் பானம். டாக்ஸிக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

சாயங்காலம் சிட்டாடல் கோட்டை மேட்டில் நின்றோம். மேகம் விலகியிருந்தது. ஊர் முழுக்க நிழலில் இறங்கிய பிறகும் பீட்டர் போத் கல்லில் மட்டும் வெயில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதிகம் போனால் நான்கு நிமிடம். அந்தப் படம் கிடைத்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை போர்ட் லூயிஸிலேயே இருக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயில். பின்னால் மலையோடு கோபுரத்தை எடுக்க வேண்டும். மதுரைக்காரர் இப்போதே தயார். போர்ட் லூயிஸ் வரை மெட்ரோ, அப்புறம் நடை. டாக்ஸி கிடையாது.